ஆர்ஜி-58 என்ற பெயரை எவ்வளவு நம்பலாம்? மலிவு டெஸ்ட் கேபிளுக்குப் பின்னால் ஒரு நீளக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட்ல நாம பேசப்போறது ஒரு சாதாரணப் பொருளைப் பத்தி. கோஆக்சியல் கேபிள், சுருக்கமா கோஆக்ஸ். வீட்டில் ஒரு சின்ன ஆர்எஃப் வொர்க்பெஞ்ச் போடறவங்க எல்லாரும் முதல்ல மீட்டரைப் பத்தி யோசிப்பாங்க, அப்புறம் ஆன்டெனா, அப்புறம் எஸ்டிஆர். கேபிள் கடைசியாதான் ஞாபகத்துக்கு வரும். ஆன்லைன்ல தேடினா ஒரே பெயர், ஒரே நீளம், ஒரே கனெக்டர். ஒன்று சில நூறு ரூபாய், இன்னொன்று பல ஆயிரம். எது வாங்கறது? விலை குறைஞ்சதை வாங்கினா என்ன இழப்போம்?

இதுக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்துட்டு முடிச்சிடலாம். ஆனா அந்த லிஸ்ட் அடுத்த வருஷம் பழசாயிடும். அதனால வேறு வழியில் போவோம். கேபிளின் ஒவ்வொரு பாகமும், அதாவது நடுக் கம்பி, அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், பின்னல், மேல் உறை, கனெக்டர் எல்லாமே, ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருத்தருக்கு வந்த பிரச்சினைக்கான பதில். அந்தப் பிரச்சினை என்னன்னு தெரிஞ்சா, நம்ம மேஜையில் அது இருக்கா இல்லையான்னு சொல்லிடலாம். எங்கே காசை மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதும் அங்கேயே தெரிஞ்சிடும்.

வேலையை விட்ட தந்திக்காரர்

கதை 1880-ல் இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. ஆலிவர் ஹெவிசைடு. வயது சுமார் 30. பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர். தந்திக் கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு 1874-ல் அதையும் விட்டவர். அதன் பிறகு லண்டனில் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து மேக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் புத்தகத்தைத் தானாகவே படித்துக்கொண்டிருந்தார். பட்டம் கிடையாது, ஆய்வகம் கிடையாது.

அன்றைக்கு இருந்த பிரச்சினை இது. தந்திக் கம்பிகளும், புதிதாக வந்த டெலிபோன் கம்பிகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஒரு கம்பியில் போகும் சிக்னல் பக்கத்துக் கம்பியிலும் கேட்கும். ஹெவிசைடு சொன்ன யோசனை எளிமையானது. போகும் கம்பியையும் திரும்பி வரும் கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே, ஒன்றை இன்னொன்றுக்குள் வை. உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு குழாய், இரண்டுக்கும் ஒரே மையம். மின்காந்தப் புலம் முழுவதும் அந்தக் குழாய்க்குள்ளேயே அடங்கிவிடும். அந்த 1880-லேயே இதற்கு பிரிட்டிஷ் காப்புரிமை வாங்கினார். கோஆக்ஸ் என்பதன் அடிப்படை அவ்வளவுதான்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, இது ஏன் வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோம். அதிர்வெண் கூடக் கூட, மின்னோட்டம் உலோகத்தின் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே ஓடும். தாமிரத்தில் 1 மெகாஹெர்ட்ஸில் அந்த ஆழம் சுமார் 66 மைக்ரோமீட்டர், 1 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதனால் வெளிக் குழாயின் உள்பக்கம் நம்ம சிக்னல் ஓடும், வெளிப்பக்கம் ஊர் இரைச்சல் ஓடும். ஒரே உலோகம்தான், ஆனால் இரண்டும் சந்திக்காது. சுவரின் இரண்டு பக்கமும் குடியிருக்கும் இரண்டு குடும்பம் மாதிரி.

ஆனால் அது முழுச் சுவராக இருந்தால்தான். நாம வாங்கும் கேபிளில் இருப்பது சுவர் இல்லை, பின்னல். பின்னலில் ஓட்டை இருக்கும். மலிவு கேபிளின் முதல் கேள்வி இங்கேதான் பிறக்கிறது: ஓட்டை எவ்வளவு? இதுக்கு அப்புறம் வருவோம்.

50 ஓம் எங்கிருந்து வந்தது?

ஹெவிசைடின் யோசனை ஐம்பது வருடம் கிட்டத்தட்ட அப்படியே கிடந்தது. 1929-ல் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி, பெல் லேப்ஸைச் சேர்ந்த லாய்ட் எஸ்பென்ஷீட், ஹெர்மன் ஆஃபெல் என்ற இருவர், ஒரே கேபிளில் நூற்றுக்கணக்கான டெலிபோன் உரையாடல்களை அனுப்பும் முறைக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டார்கள். 1931-ல் அது கிடைத்தது. 1936-ல் நியூயார்க்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் நடுவில் சோதனைக் கேபிள் போட்டார்கள். ஒரே சமயத்தில் 240 உரையாடல்கள். அந்தக் கேபிளுக்குள் இருந்த இன்சுலேட்டர் பெரும்பாலும் காற்று. நடுக் கம்பியைத் தாங்கிப் பிடிக்க அங்கங்கே சின்னச் சின்ன வட்டத் தட்டுகள் மட்டும்.

கணக்குப் போட்டால் ஒரு விஷயம் தெரியும். காற்று நிரம்பிய கோஆக்ஸில், வெளிக் குழாயின் அளவை மாற்றாமல் நடுக் கம்பியின் தடிமனை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், இழப்பு மிகக் குறைவாக இருக்கும் இடம் சுமார் 77 ஓம். அதிகப் பவர் தாங்கும் இடம் சுமார் 30 ஓம். தூரத்துக்கு அனுப்பறவங்களுக்கு 77 வேணும், டிரான்ஸ்மிட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு 30 வேணும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்தான் 50. பாடப் புத்தகத்தில் இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு பாதி இருக்கு. காற்றுக்குப் பதிலாகப் பாலித்தீன் நிரப்பினால் அதன் மின்கடத்தா மாறிலி சுமார் 2.25. இம்பிடன்ஸ் அதன் வர்க்கமூலத்தால், அதாவது 1.5-ஆல் குறையும். 77-ஐ 1.5-ஆல் வகுத்தால் 51. அதாவது திடமான பாலித்தீன் கேபிளில் 50 ஓம் என்பது சமரசமே இல்லை, கிட்டத்தட்ட இழப்பு மிகக் குறைவான இடமே அதுதான். ஆரம்பகாலக் கேபிள்களைப் பார்த்தால் 52 ஓம், 53.5 ஓம் என்றெல்லாம் இருக்கும். ஒரே நாளில் யாரோ கையெழுத்துப் போட்டு முடிவான எண் இல்லை அது, மெதுவாக 50-க்கு வந்து உட்கார்ந்தது.

டிவிக்காரர்கள் இழப்புதான் முக்கியம் என்று 75 ஓம் பக்கம் போனார்கள். நம்ம மேஜைக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. கேபிள் டிவிக்குப் போட்ட ஆர்ஜி-6 ஒயர் எல்லா வீட்டிலும் சுருட்டிக் கிடக்கும், கனெக்டரை மாற்றிப் போட்டால் டெஸ்ட் கேபிள் ஆயிடுமான்னு ஒரு ஆசை வரும். 50 ஓம் மூலத்திலிருந்து 75 ஓம் கேபிளுக்குள் நுழையும் இடத்திலேயே அலையின் ஐந்தில் ஒரு பங்கு திரும்பிவிடும். ரிட்டர்ன் லாஸ் 14 டெசிபல். ரேடியோ கேட்க இது போதும். அளக்கப் போதாது. நீங்க அளக்க நினைத்த ஆன்டெனாவின் தப்பும் கேபிளின் தப்பும் ஒன்றாகக் கலந்துவிடும்.

போரும் பாலித்தீனும்

இப்போ அந்தப் பாலித்தீன் கதைக்கு வருவோம். 1933 மார்ச். இங்கிலாந்தில் வின்னிங்டன் என்ற இடத்தில் ஐசிஐ கம்பெனியின் ஆய்வகம். எரிக் ஃபாசெட், ரெஜினால்டு கிப்சன் என்ற இருவர் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் கடுமையான அழுத்தத்தில், 170 டிகிரி சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. பாத்திரத்துக்குள் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. திரும்பச் செய்து பார்த்தால் வெடித்தது, வேலையை நிறுத்திவிட்டார்கள். 1935 டிசம்பரில் மைக்கேல் பெரின் குழு மறுபடி முயன்றபோது கிடைத்தது. கருவியில் கசிவு இருந்ததால் புது எத்திலீனை உள்ளே விட்டார்கள். அதோடு கலந்து வந்த துளி ஆக்சிஜன்தான் வினையைத் தொடங்கி வைத்தது.

இதை முதலில் கடலடிக் கேபிளுக்குத்தான் நினைத்தார்கள். அதுவரை அந்த வேலைக்கு மலாய்க் காட்டு மரங்களின் பாலான கட்டாபெர்ச்சா பயன்பட்டது. 1939-ல் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கிய நேரமும் போர் தொடங்கிய நேரமும் ஒன்றாக அமைந்தன. ரேடார் வந்தது. ரேடாரை விமானத்துக்குள் வைக்க வேண்டும். ரப்பர் இன்சுலேட்டர் உயர் அதிர்வெண்ணில் சிக்னலைத் தின்றுவிடும். காற்றுக் கேபிளோ வளையாது, குலுங்கினால் நிற்காது. பாலித்தீன் லேசாக இருந்தது, வளைந்தது, சிக்னலையும் தின்னவில்லை. இன்றைக்கு நாம கையில் எடுக்கும் வளையும் கோஆக்ஸ் அந்தத் தேவையில் பிறந்ததுதான்.

பெயர் எப்படி வந்தது, எப்படிக் காற்றில் போனது

போர்க்காலத்தில் பல கம்பெனிகள் கேபிள் தயாரித்தன. எல்லாமே ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி இருக்க வேண்டும். அதற்காக அமெரிக்க ராணுவம் ஒரு பட்டியல் போட்டது. ஆர்ஜி என்றால் ரேடியோ கைடு என்பது வழக்கமான விளக்கம். அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு அளவு சார்ந்த அர்த்தம் எதுவும் இல்லை. 58 என்றால் 5.8 மில்லிமீட்டரும் இல்லை, 58 ஓமும் இல்லை. வெறும் வரிசை எண். பக்கத்து எண்ணான 59 ஒரு 75 ஓம் கேபிள்.

ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தாள் இருந்தது. நடுக் கம்பி எந்த உலோகம், எத்தனை இழை, இன்சுலேட்டரின் விட்டம் என்ன, பின்னல் எவ்வளவு நெருக்கம், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இழப்பு வரைக்கும் ஏற்கலாம் என்று எல்லாம் எழுதியிருக்கும். மில்-சி-17 என்ற ராணுவத் தரநிலை அது. பின்னாளில் அதையே திருத்தி எழுதியபோது ஆர்ஜி என்ற தலைப்பை ராணுவமே கைவிட்டது. இன்றைக்கு உண்மையான தரச் சான்றுள்ள ஆர்ஜி-58சி கேபிளின் மேல் எம்17/28 என்று தொடங்கும் எண் அச்சடித்திருக்கும். ஆர்ஜி-316 என்றால் எம்17/113.

ராணுவம் கைவிட்ட பெயரைச் சந்தை எடுத்துக்கொண்டது. பெயர் பிழைத்தது, தாள் கழன்றுவிட்டது. இப்போது வெறும் ஆர்ஜி-58 என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எந்தச் சோதனையும் தேவையில்லை. கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது நல்ல கேபிளாகவும் இருக்கலாம், பின்னல் நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லிளிக்கும் கேபிளாகவும் இருக்கலாம். பெயர் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு இன்று காவல்காரர் இல்லை, அவ்வளவுதான். நம்ம மேஜையில் அந்தக் காவல் வேலையை நாமதான் பார்த்தாகணும்.

ஏ, பி, சி என்று கடைசியில் வரும் எழுத்துக்கும் கதை இருக்கு. ஆரம்பகாலக் கேபிள்களில் மேல் உறை சாதாரண பிவிசி. அதை மென்மையாக்கக் கலந்த ரசாயனம் வருடக்கணக்கில் மெதுவாகக் கசிந்து உள்ளே இருக்கும் பாலித்தீனுக்குள் இறங்கியது. வெளியே பார்த்தால் கேபிள் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே இழப்பு கூடிக்கொண்டே போகும். அதற்காகவே கசியாத வகை பிவிசியைக் கொண்டு வந்தார்கள். ஆர்ஜி-58சி அந்த வகை. பழைய ஸ்டாக் கேபிள் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் இதைக் கவனிக்கணும். பார்வைக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

இதே ஆர்ஜி-58 இன்னொரு வாழ்க்கையும் வாழ்ந்தது. 80களிலும் 90களிலும் அலுவலகங்களிலும் கல்லூரி லேபுகளிலும் ஈதர்நெட் ஓடியது இந்த மெல்லிய கோஆக்ஸில்தான். ஒரு துண்டு 185 மீட்டர் வரை, இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர், நடுவில் பிஎன்சி டீ. முறுக்கிய ஜோடிக் கம்பி வந்ததும் இதெல்லாம் பழைய சாமான் கடைக்குப் போனது. சில பத்து மெகாஹெர்ட்ஸ் வரை ஆசிலாஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர் வேலைக்கு அந்தக் கேபிளும் டெர்மினேட்டரும் இன்றைக்கும் தாராளமாகப் போதும். எங்கேயாவது கிடைத்தால் விடாதீங்க.

திறக்காத சிலிண்டர்

அடுத்த பிளாஸ்டிக் டெஃப்ளான். 1938 ஏப்ரல் 6. ட்யூபான்ட் கம்பெனியில் 27 வயது வேதியியலாளர் ராய் பிளங்கெட். குளிர்பதன வாயு ஆராய்ச்சிக்காக ஒரு சிலிண்டரைத் திறந்தார்கள், வாயு வரவில்லை. எடை போட்டால் எடை அப்படியே இருக்கிறது. சிலிண்டரை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளைப் பொடி. எந்த அமிலமும் அதைத் தொடவில்லை, சூட்டுக்கும் அசையவில்லை. போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனிய வாயு அரிக்காத பொருளாக அது பயன்பட்டது. அதன் பிறகுதான் கேபிளுக்கு வந்தது.

கேபிளில் அது தீர்த்த பிரச்சினை சூடு. பாலித்தீன் 110 டிகிரி பக்கத்தில் உருகிவிடும். கனெக்டரைச் சால்டர் பண்ணும்போதே நடுக் கம்பி ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். டெஃப்ளானில் அந்தக் கவலை இல்லை. ஆர்ஜி-316, ஆர்ஜி-142, ஆர்ஜி-400 எல்லாம் இந்தக் குடும்பம். இங்கே பலர் ஒரு முடிவுக்குத் தாவுவார்கள்: டெஃப்ளான் என்றால் இழப்பு குறைவு. அப்படி இல்லை. ஆர்ஜி-316 வெறும் 2.5 மில்லிமீட்டர் தடிமன். 1 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் போய்விடும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண ஆர்ஜி-58-இல் சுமார் 0.6 தான். அதே 5 மில்லிமீட்டரில் ஆர்ஜி-142, ஆர்ஜி-400 என்றால் சுமார் 0.45. மெல்லிய கேபிளில் பெருமளவு இழப்பு நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில்தான், பிளாஸ்டிக்கில் இல்லை. தடிமன்தான் முதலில் பேசும்.

ஆர்ஜி-142-க்கும் 400-க்கும் இரட்டைப் பின்னல், வெள்ளிப் பூச்சு. ஒரு பின்னலின் ஓட்டையை இன்னொரு பின்னல் அடைக்கும். இது எங்கே தேவை? ஒரு ஃபில்டர் செய்து, தடுக்கும் பட்டையில் அது 80 டெசிபல் அடக்குகிறதா என்று பார்க்கிறீங்க. இரண்டு ஒற்றைப் பின்னல் கேபிள் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து கசிந்து இன்னொன்றுக்குள் போகும் சிக்னல், ஃபில்டர் வழியாக வருவதைவிட அதிகமாக இருக்கலாம். திரையில் 60 டெசிபல் காட்டும். ஒழுங்காகச் செய்த ஃபில்டரைப் பிரித்துப் போட்டுத் திரும்பவும் செய்வீங்க. ஒரு வாரம் போகும். மலிவு கேபிளின் உண்மையான விலை இதுதான். நல்ல வேலையைக் கெட்டது என்று சொல்ல வைக்கும்.

டெஃப்ளானுக்கு ஒரு வினோதக் குணமும் உண்டு. 19 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் அதன் படிக அமைப்பு மாறும். அந்த இடத்தில் கேபிளின் மின் நீளம் சட்டென்று கொஞ்சம் நகரும். சும்மா இருக்கும் சென்னை அறையில் இது தெரியாது. ஏசியை 18-ல் வைத்துவிட்டு ஃபேஸ் அளக்கிறவர்களுக்குத் தெரியும். தீர்வு செலவில்லாதது, ஏசியைக் கூட்டி வைத்து, அறை சீராகும் வரை காத்திருந்து காலிப்ரேட் பண்ணுங்க.

பெட்டிக்குள் இருக்க வேண்டிய கனெக்டர்

கனெக்டர் கதை சின்னதுதான், ஆனால் பர்ஸை நேராகத் தொடும். என் வகை கனெக்டர் 40களில் பெல் லேப்ஸின் பால் நீல் பெயரில் வந்தது. பிஎன்சி-யில் நீலின் பெயரோடு ஆம்ஃபெனால் கம்பெனியின் கார்ல் கான்செல்மன் பெயரும் சேர்ந்திருக்கு. இரண்டும் கையால் அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காக உருவானவை.

எஸ்எம்ஏ அப்படி இல்லை. 1958-ல் பெண்டிக்ஸ் கம்பெனியில் ஜேம்ஸ் சீல் வடிவமைத்தது. 60களில் ஆம்னி ஸ்பெக்ட்ரா அதை வளர்த்தெடுத்தது. கருவிப் பெட்டிக்குள் செம்புக் குழாய் போன்ற கெட்டிக் கேபிளை மாட்டுவதற்கான கனெக்டர் அது. அந்தக் கேபிளின் நடுக் கம்பியே கனெக்டரின் ஊசியாக இருக்கும். ஒரு முறை மாட்டினால் கருவியின் ஆயுள் முழுக்க ஒருசில முறை மட்டுமே கழற்றுவார்கள் என்ற கணக்கு. ராணுவத் தரநிலையில்கூட 500 முறைதான் எதிர்பார்ப்பு. நாம அதை நானோவிஎன்ஏ-வின் முகப்பில் வைத்து ஒரு நாளில் இருபது முறை கழற்றி மாட்டுகிறோம். 500 முறை என்பது ஒரு மாதம்கூட இல்லை.

அதனால் எஸ்எம்ஏ கேபிளைத் தேயும் பொருள் என்றே கணக்கில் வையுங்க, பென்சில் மாதிரி. கருவியின் முகப்பில் ஒரு ஆண்-பெண் அடாப்டரை நிரந்தரமாக மாட்டிவிடுங்க, தேய்வது அதுவாக இருக்கட்டும். மாட்டும்போது நட்டை மட்டும் திருகணும், கேபிளைத் திருப்பக் கூடாது. கேபிள் திரும்பினால் உள்ளே ஊசி உராயும். பித்தளை எஸ்எம்ஏ-வுக்கு 0.56 நியூட்டன் மீட்டர்தான் முறுக்கு. பிளையர் தேவையே இல்லை.

இன்னொரு பொறி. ஆன்லைனில் மிக மலிவாகத் தெரியும் பல கேபிள்களின் பெயரில் ஆர்பி என்று முன்னால் இருக்கும். வைஃபை கருவிகளில் மக்கள் இஷ்டத்துக்கு ஆன்டெனா மாற்றக் கூடாது என்று அமெரிக்க எஃப்சிசி தனித்துவமான கனெக்டர் கேட்டதால் வந்த தலைகீழ் எஸ்எம்ஏ அது. நட்டு அழகாகப் பொருந்தும். ஆனால் இரண்டு பக்கமும் ஓட்டை, நடுவில் தொடர்பே இருக்காது. இல்லை என்றால் இரண்டு பக்கமும் ஊசி, ஒன்றையொன்று நசுக்கும்.

சரி, எதைத்தான் வாங்கறது?

இவ்வளவு கதைக்குப் பிறகு கேள்வியை மாற்றிக் கேட்கலாம். எது நல்ல கேபிள் என்று கேட்காமல், நான் எதை அளக்கப் போறேன் என்று கேளுங்க.

விஎன்ஏ-வில் அளக்கறீங்களா? கேபிளின் முனையில் காலிப்ரேட் பண்ணிவிட்டால் அதன் இழப்பு கணக்கிலிருந்து கழிந்துவிடும். அங்கே இழப்பு பெரிய விஷயம் இல்லை. காலிப்ரேட் பண்ணின பிறகு கேபிள் மாறாமல் இருக்கணும், அதுதான் விஷயம். குட்டையாக, 30 அல்லது 50 சென்டிமீட்டரில், கனெக்டர் உறுதியாகப் பிடித்த இரட்டைப் பின்னல் கேபிள் இரண்டு. என் பட்ஜெட்டில் முதல் காசு இதற்குத்தான். ஆர்ஜி-400 சரியான தேர்வு, இழைக் கம்பி என்பதால் வளைவதற்கும் தாங்கும். மெலிதாக வேணும்னா இரட்டைப் பின்னல் போட்ட 316.

ஸ்பெக்ட்ரம் அனலைசரிலோ எஸ்டிஆரிலோ மெல்லிய சிக்னலைத் தேடறீங்களா? அங்கே கசிவு முக்கியம், மறுபடி இரட்டைப் பின்னல். பவர் அளக்கறீங்களா? இழப்பு எவ்வளவு என்பது தெரிந்திருந்தால் போதும். கேபிள் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அளந்த எண்ணை எழுதி வையுங்க. ஆசிலாஸ்கோப், ஃபங்ஷன் ஜெனரேட்டர், டிரிகர் லைன் இதுக்கெல்லாம் பெயர் தெரியாத ஆர்ஜி-58 பிஎன்சி போதும். இங்கே தாராளமாக மிச்சம் பிடிங்க.

வாங்கி வந்த பிறகு செய்ய வேண்டிய சோதனைகள். முதல்ல, நறுக்கின துண்டு இருந்தால் உறையைச் சீவிப் பின்னலைப் பாருங்க. ஒழுங்கான ஆர்ஜி-58-இல் பின்னல் 95 சதவீதத்தை ஒட்டி மூடியிருக்கும். டெஃப்ளான் என்று விற்றிருந்தால் உள் பிளாஸ்டிக்கைச் சால்டரிங் அயர்னால் ஒரு நொடி தொடுங்க. பாலித்தீன் உடனே உருகி ஓடும், டெஃப்ளான் அசையாது. அதற்கு மேல் சூடாக்க வேண்டாம், அந்தப் புகை நல்லதில்லை.

காந்தச் சோதனையில் கவனம் தேவை. நடுக் கம்பி காந்தத்தில் ஒட்டினால் போலி என்று சிலர் சொல்வார்கள். ஆர்ஜி-58, ஆர்ஜி-400-க்கு அது சரி, அவற்றின் நடுக் கம்பி தாமிரம். ஆனால் ஆர்ஜி-174, 316, 142-க்கு அசல் கேபிளிலேயே தாமிரம் போர்த்திய இரும்புக் கம்பிதான். மின்னோட்டம் மேல் தோலில்தானே ஓடுது, உள்ளே இரும்பு இருந்தால் என்ன என்ற அதே கணக்கு. இழுத்தால் அறுந்து போகாமல் இருக்க அந்த இரும்பு.

பிறகு நானோவிஎன்ஏ. 2019 வாக்கில் இதன் நகல்கள் உலகம் முழுக்கப் பரவிய பிறகு, சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு காவல்காரர் நம்ம மேஜைக்கு வந்துவிட்டார். கருவியின் முகப்பிலேயே காலிப்ரேட் பண்ணுங்க. கேபிளின் மறுமுனையில் 50 ஓம் லோடு மாட்டி ரிட்டர்ன் லாஸ் பாருங்க, நீங்க பயன்படுத்தும் அதிர்வெண் வரைக்கும் 20 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி. லோடைக் கழற்றி ஷார்ட் மாட்டுங்க, இப்போ தெரியும் டெசிபலைப் பாதியாக்கினால் ஒரு வழி இழப்பு. ஷார்ட்டோடு வைத்தே ஃபேஸைப் பார்த்துக்கொண்டு கேபிளை மெதுவாக வளைங்க, கனெக்டர் பக்கத்தில் லேசாக ஆட்டுங்க. கோடு மெதுவாக நகர்ந்து திரும்பி வந்தால் சரி. துள்ளினால் கிரிம்ப் சரியில்லை. அந்தக் கேபிளை அளவெடுக்கும் வேலையிலிருந்து எடுத்துவிடுங்க, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும்.

கடைசியா ஒரு விஷயம். பெரிய லேபில் காலிப்ரேஷன் சான்றிதழோடு வரும் கேபிளை வாங்குபவர்கள் நம்பிக்கையைக் காசு கொடுத்து வாங்குறாங்க. நம்மிடம் அந்தக் காசு இல்லை. ஆனால் கழன்று போன அந்தத் தாளை, நம்ம கேபிளுக்கு நாமே திரும்ப எழுதிக்கொள்ளலாம். கேபிளுக்கு ஒரு எண், அளந்த தேதி, இழப்பு, ரிட்டர்ன் லாஸ், எந்த அதிர்வெண் வரை. ஒரு நோட்டில் ஒரு பக்கம். ரிச்சி தெருவில் வாங்கின முந்நூறு ரூபாய் கேபிளாக இருந்தாலும் அந்த ஒரு பக்கம் இருந்தால், அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அதன் மேல் அச்சடித்திருக்கும் பெயரைவிட அதிகம்.

உங்க மேஜையில் இருக்கும் கேபிளை இந்த வாரம் ஒரு தடவை வளைத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.